ராத்திரி ஜீப் வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸ், வனத்துறை, கைது, அனுமதி என்றே இருந்தன. நீலகிரியிலிருந்துதான் அதிகம், கொடைக்கானல் பக்கமிருந்தும் சில. பெயர் போட வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லாருமே கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும். பதில்கள், இந்த மலைக் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலுடையவை.

கேள்வி: எஸ்டேட் லைனில் இருக்கிறோம். யானை மிதித்து ஒருவர் இறந்ததற்கு எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தோம். அன்று ராத்திரி ஜீப் வந்து, 'சும்மா விசாரணைக்குத்தான், காலையில் விட்டுடுவோம்' என்று என் தம்பியைக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. விட்டதே பெரிது என்று இருந்துவிட்டோம். என்ன செய்திருக்க வேண்டும்? – பந்தலூர் தாலுகா

கேஸ் போடவில்லை என்பதை நல்ல செய்தியாகச் சொல்கிறீர்கள் அண்ணா. எனக்கு அதுதான் உதைக்கிறது. கேஸ் போட்டிருந்தால் உங்கள் தம்பி இரண்டு நாள் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

சட்டத்தில் இரண்டு வழிதான். ஒன்று, புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, இன்ன தேதிக்கு வா என்று கூப்பிடலாம் (பழைய ஆட்கள் இன்னும் 41ஏ நோட்டீஸ் என்றே சொல்வார்கள், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம், புதிய எண்). அதையும் கையில்தான் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று, கைது. கைது என்றால் கைது மெமோ எழுதி, நேரம் போட்டு, குடும்பத்திலோ ஊரிலோ ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, வீட்டுக்குத் தகவல் சொல்லி, டாக்டரிடம் காட்டி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்த 24 மணி நேரம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மெமோ, சாட்சி, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை எல்லாம் 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகள். எதற்காகக் கைது என்பதை எழுத்தில், அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும், எந்தக் குற்றமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார வைப்பது என்று மூன்றாவது வழி எந்தச் சட்டத்திலும் கிடையாது.

மலையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த 24 மணி நேரத்தில் பயண நேரம் சேராது. மழை, மண்சரிவு, நடுவட்டத்தில் மரம் விழுந்துவிட்டது என்று அதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுப்பார்கள். உண்மையாகவே பயணத்தில் போன நேரம்தான் கழியும், ஜீப் கிளம்பாமல் நின்ற நேரம் கழியாது. அதனால்தான் கூட்டிப் போன நேரத்தை நீங்கள் குறித்து வைக்க வேண்டும். போலீஸ் எழுதும் நேரம் பெரும்பாலும் அடுத்த நாள் காலை ஆறு மணியாக இருக்கும்.

அந்த ராத்திரி என்ன செய்வது? எந்த ஸ்டேஷன், வந்தவர் பேர் என்ன (சட்டையில் பெயர்ப்பட்டை இருக்க வேண்டும்), ஜீப் நம்பர், மணி. இந்த நாலையும் எழுதி எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் உடனே மின்னஞ்சல். என் சீனியர் காலத்தில் தந்தி அடிப்பார்கள். தந்தியில் நேரம் விழும், அந்த நேரத்தை யாராலும் மாற்ற முடியாது. 2013-இல் தந்தியை மூடிவிட்டார்கள். மின்னஞ்சலிலும் நேரம் விழுகிறது, ஆனால் நம் ஆட்கள் ஏனோ அதை நம்பாமல் கவுன்சிலருக்குப் போன் அடிக்கிறார்கள். அடிக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை, மின்னஞ்சலை அனுப்பிவிட்டு அடியுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.

இப்போதும் நேரம் போய்விடவில்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதலாம். அதில் அந்த இரண்டு நாள் சிசிடிவி பதிவைக் குறிப்பாகக் கேளுங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கேமரா ரிப்பேர் என்று பதில் வரும். வரட்டும், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தகராறில் நான் சாட்சி. ஸ்டேஷனுக்கு வா, வா என்று சாயங்கால நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் தப்பாகிவிடுமா? – கோத்தகிரி வாசகி

ஆகாது அம்மா. சாட்சி சொல்லப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். அறுபது வயது தாண்டியவர்கள், பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளுக்கும் இதேதான். புதிய சட்டத்தில் பிரிவு 179. அடுத்த முறை போன் வந்தால் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஏரிப் பக்கம் தள்ளுவண்டிக் கடைகளை எடுப்பதை எதிர்த்து ஒரு நாள் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டோம். மனுவையே வாங்கவில்லை. 'சீசன் டைம், முடியாது' என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும்? – கொடைக்கானல்

என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், மத்தியானம் தக்காளி சாதம் பொட்டலம், பேர், அப்பா பேர், விலாசம் எழுதிக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். தலைவர்கள் கை அசைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். மூன்று வருடம் கழித்து உங்கள் பையன்களில் ஒருவன் பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அந்த மண்டபத்தில் எழுதிய பேர் திரும்ப எழுந்து வரும். இங்கே அடக்குமுறை என்பது பெரும்பாலும் லத்தியோடு வருவதில்லை, அந்த நீள நோட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

அப்படிப் போடும் கேஸ்களில் முக்கால்வாசி 'அதிகாரியின் உத்தரவை மீறினார்' என்பது, பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 188, புதியதில் 223. இதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரிதான் எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லி, கொத்தாக எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்தது. அப்புறமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ரத்து செய்ய நாம் மதுரை போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது 19ஆம் பிரிவு கொடுத்த உரிமை. நேரம், இடம், மைக் என்று போலீஸ் ஒழுங்குபடுத்தலாம், காரணமில்லாமல் அடியோடு மறுக்க முடியாது. பொது வீதியில் கூட்டம் கூடும் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே, அகமதாபாத்திலிருந்து வந்த ஹிம்மத்லால் ஷா வழக்கில் சொல்லியாயிற்று. ஆனால் ஊருக்கு ஊர் 1861-ஆம் வருடத்துப் போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவு (கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்வது) 'அமலில் உள்ளது' என்று நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1857 கலகம் முடிந்த கையோடு வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது.

மனுவை வாங்காவிட்டால் கொடுத்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் போன் நம்பர், எல்லாம் அதில் இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்த மறுப்பை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பெரும்பாலும் நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரம், கோஷம் அளவாக, என்கிற மாதிரி நிபந்தனையெல்லாம் வரும், அது எனக்குப் பிடிப்பதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் கத்துவதற்கு அனுமதி எதற்கு?

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை இருக்கிற கடையை எடுக்கக் கூடாது. ஆர்ப்பாட்டத்தோடு நிற்காமல், கணக்கெடுப்பு நடந்ததா, நகர விற்பனைக் குழு எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: பசுந்தேயிலை விலையைப் பற்றி, அதிகாரிகளைக் கிண்டல் செய்து ஸ்டேட்டஸ் போட்டேன். 'எடுத்துடு தம்பி, இல்லேன்னா கேஸ் ஆயிடும்' என்று போன் வந்தது. ஜோக் அடித்தால்கூடக் கேஸா? – குன்னூர்

தம்பி, உங்களுக்குப் பக்கத்து மலைக் கதை ஒன்று சொல்கிறேன். திண்டுக்கல் சிறுமலைக்கு ஒரு பெரியவர் குடும்பத்தோடு சுற்றுலா போனார், இடதுசாரிக் கட்சிக்காரர், அறுபது தாண்டியவர். போட்டோக்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை வந்தேன் என்கிற மாதிரி ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. என்ன வழக்கு தெரியுமா, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்தது, கூட்டுச்சதி, இன்னும் இரண்டு. கைது செய்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள்.

அங்கேதான் ஒரு நல்லது நடந்தது. அந்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய, அதாவது காவலில் வைக்க, மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் மதுரைக் கிளை எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தது, சிரிப்பதைப் பற்றி நீதிபதி பக்கம் பக்கமாக எழுதினார், பேப்பரிலெல்லாம் வந்தது. எல்லாரும் அந்தத் தீர்ப்பைத்தான் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ அந்த மாஜிஸ்திரேட்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மாதங்கள் ஆகும். அதற்குள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவனுக்கு ரத்து கிடைத்து என்ன?

ரிமாண்ட் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மாஜிஸ்திரேட் வீடு. வெளியே தகர ஷீட் போட்ட போர்ட்டிகோ, பனியில் பல் கிடுகிடுக்க ஆளை நிறுத்தியிருப்பார்கள், ஸ்வெட்டர்கூட இருக்காது. பக்கத்திலேயே, தோள் உரசுகிற மாதிரி, கூட்டி வந்த ஏட்டு. 'போலீஸ்காரங்க அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?' 'இல்லீங்க.' 'வக்கீல் இருக்காங்களா?' 'இல்லீங்க.' முத்திரை, கையெழுத்து, வண்டி கோயம்புத்தூர் மத்திய சிறைக்கு இறங்கிவிடும். இரண்டு நிமிடம்தான். ஏழு வருடம்வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், அதைப் பார்க்காமல் மாஜிஸ்திரேட் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், பாதிக் கைதுகள் அங்கேயே நின்றுவிடும். தொண்டை கட்டக் கூட்டம் போடுகிற சங்கங்கள், ராத்திரி எட்டு மணிக்குமேல் போனை எடுக்கிற வக்கீல் ஒருவரைத் தாலுகாவுக்குத் தாலுகா பிடித்து வைத்தால் எவ்வளவோ நல்லது.

உங்கள் ஸ்டேட்டஸுக்கு வருவோம். எரிச்சலூட்டும் பதிவு என்பதற்காகக் கைது செய்ய வழி கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. போன் வந்தால் பேர், பதவி, ஸ்டேஷன் கேளுங்கள், எந்த உத்தரவின் கீழ் எடுக்கச் சொல்கிறீர்கள், எழுத்தில் அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். தேயிலை விலையைப் பற்றிக் கிண்டலடிக்காமல் குன்னூரில் யார்தான் டீ குடிக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் போலீஸ் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. குற்றவாளிக்குத்தான் இத்தனை உரிமை, பாதிக்கப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்? – ஓய்வுபெற்ற அரசு ஊழியர், உதகை

ஐயா, தப்புச் செய்யாதவன் பயப்பட வேண்டியதில்லை என்பது வாச்சாத்தியில் எடுபடவில்லை. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஊருக்குள் போனது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கிணற்றில் டீசலை ஊற்றினார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம் ஐயா. பாதிக்கப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை என்கிறீர்களே, அங்கே பாதிக்கப்பட்டவர்கள் யார்?

அதற்கும் முந்திய ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் அப்போது வேலையில் சேர்ந்திருப்பீர்கள். நெருக்கடி நிலை. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து பேரில் நாலு நீதிபதிகள், நெருக்கடி நிலையில் சட்டவிரோதக் காவலை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று எழுதினார்கள். போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றாலுமா என்று விசாரணையில் கேட்டபோது, ஆமாம், அப்போதும் வழியில்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். ஒத்துக்கொள்ளாதவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான், தலைமை நீதிபதி பதவி அதனால் அவருக்குக் கிடைக்காமல் போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆகிவிட்டது.

போலீஸ் கையைக் கட்டவில்லை ஐயா, நேரத்தை எழுதச் சொல்கிறோம். ஒழுங்காகக் கைது செய்கிற அதிகாரிக்கு மெமோ எழுதப் பத்து நிமிடம் ஆகும். நான் பார்த்தவரை நல்ல இன்ஸ்பெக்டர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

கேள்வி: எங்களுடையது செக்‌ஷன் 17 நிலம். தாத்தா காலத்திலிருந்து இஞ்சி, காப்பி போடுகிறோம். வனத்துறை ஆட்கள் வந்து வேலியைப் பிடுங்கிவிட்டு, அபராதம் கட்டி இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டுவிட்டேன். – கூடலூர்

கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் 1969-இல் வந்தது, நிலம்பூர் கோவிலகத்து நிலங்கள் அரசுக்கு வந்தன, ஆனால் 17ஆம் பிரிவில் (குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்களைப் பற்றியது) மாட்டியவர்களின் கதை இன்னும் முடியவில்லை. இந்தியா முழுக்கக் காடு என்றால் என்ன என்பதை மாற்றி எழுதிய 1996-ஆம் ஆண்டு உத்தரவு வந்த கோதவர்மன் வழக்கே இந்தக் கூடலூர் மரங்களிலிருந்து கிளம்பியதுதான். அதை ஒரு பத்தியில் தீர்க்க என்னால் ஆகாது. நில ஆவணங்களோடு வக்கீலைப் பாருங்கள்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது முக்கியம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வனத்துறை அதிகாரி போலீஸ் ஆகமாட்டார் என்பதால் அவரிடம் எழுதிக் கொடுத்தது அப்படித் தள்ளுபடியாகாது, உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள். என்ன எழுதியிருந்தது என்று படித்தீர்களா? நகல் கேட்டு உடனே மனுப் போடுங்கள், மிரட்டி வாங்கியது என்றால் அதையும் தேதியோடு எழுதி ரேஞ்சருக்கும் மாவட்ட வன அதிகாரிக்கும் (டி.எஃப்.ஓ.) ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அபராதத்துக்கு ரசீது இல்லாவிட்டால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். வனத்துறை பிடித்துக்கொண்டு போனாலும் அதே 24 மணி நேரம்தான், அவர்களுக்குத் தனி அரசியலமைப்பு கிடையாது.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மக்களில் யாருக்காவது இப்படி நடந்தால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 4(5) இருக்கிறது. உரிமைக் கோரிக்கையைப் பரிசீலித்து முடிக்கும்வரை வெளியேற்றக் கூடாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து 2016 வரை ஒரு இடைக்காலத் தடையால் இந்தச் சட்டம் படுத்தே கிடந்ததால், கோரிக்கையே போடாத குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. கிராம சபையில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இ-பாஸ் என்று ஊருக்குள் வருகிறவனை எல்லாம் நிறுத்துவது நடமாடும் சுதந்திரத்தில் கை வைப்பது இல்லையா? – காட்டேஜ் உரிமையாளர், ஊட்டி

கை வைப்பதுதான், நியாயமான அளவுக்கு வைக்கலாம் என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. 2024 மே 7 முதல் கோர்ட் உத்தரவுப்படி, எல்லாருக்கும் தெரிய அறிவித்து நடப்பதை அடக்குமுறை என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வருத்தம் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சேரிங் கிராஸில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தவன் நான்.

கேள்வி: போராட்டத்துக்குப் போனால் குண்டாஸ் போடுவோம் என்று காலேஜில் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். போட முடியுமா? மலையிலிருந்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது? – மாணவி, உதகை

போட்டிருக்கிறார்கள். 2017-இல் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் போட்டார்கள், மெரினாவில் ஈழத்தமிழர் நினைவேந்தல் நடத்தியவர்கள் மேல் போட்டார்கள். இரண்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனால் அதற்குள் அவர்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாதம்வரை வைக்க முடிகிற சட்டம், 1982-இல் வந்தது, சாராய வியாபாரிகளுக்கும் ரவுடிகளுக்கும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

போட்டுவிட்டால் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, கலெக்டருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் அன்றைக்கே ஒரு முறையீடு அனுப்புவது. ஜாமீன் மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. முறையீட்டை அரசு பரிசீலிக்கத் தாமதித்தால், அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு உடைவது அடிக்கடி நடக்கிறது. ஒரு நாள் முந்தி அனுப்பினால் ஒரு நாள் முந்தி ஆள் வெளியே வர வாய்ப்பிருக்கிறது. மூன்று வாரத்துக்குள் அரசு அந்த உத்தரவை, காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் அனுப்பியாக வேண்டும்.

கோர்ட்டைப் பொறுத்தவரை, நீலகிரிக்காரர்களுக்குச் சென்னைதான். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலையில் சென்னை சென்ட்ரல். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அவர்களுக்கு மதுரைக் கிளை. காலேஜில் வந்து சொன்னவர் யார், எந்தத் தேதி, எந்த வகுப்பில் என்பதை இப்போதே நாலு பேர் கையெழுத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.